தெரியுதா

தங்கச்சிமடத்தில் இரும்புக்கு ஆயுசு எட்டு மாதம்.
மாடியில் கட்டியிருந்த ஆன்டெனா
ஒரு காக்கை உட்கார்ந்ததற்கே முறிந்து விழுந்தது.
மூன்று மாத பாக்கிக்குக் கேபிள்காரர்
வயரை வெட்டிச் சுருட்டிக்கொண்டு போனார்.
அப்புறம்தான் ராமநாதபுரம் கடைத்தெருவில் இதை வாங்கினோம்.
வீட்டுக்குள்ளேயே வைக்கிற ஆன்டெனா,
காலண்டர் அட்டை கனம்.
நானூற்றைம்பது ரூபாய்,
பில் இருந்தால் ஏழு நாளில் திருப்பிக் கொடுக்கலாம்.
பெட்டி மேல் ஹெச்.டி. என்று போட்டு ஒரு மீன்கொத்தி,
இறகு இறகாக எண்ணலாம்.

பீரோ மேல் வைத்தோம், சேனல் இல்லை.
மாதா படத்துக்குப் பின்னால், இல்லை.
அரிசி டிரம் மேல் ஒன்று வந்தது,
பக்கத்து வீட்டில் மிக்சி போட்டதும் போனது.

கிழக்கே ராமேஸ்வரத்தில் கோபுரம்,
சாமி கோபுரம் இல்லை, டி.வி. கோபுரம்.
ராத்திரியில் அதன் சிவப்பு விளக்கு
எங்கள் ஜன்னலுக்குத் தெரியும்.
"நம்ம கண்ணுக்கே தெரியுது, இதுக்குத் தெரியலையா"
என்று இன்னாசி அதைக் கையில் எடுத்து
ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்தார்.

வந்தது.
கையை எடுத்தால் போனது.
பிடித்தபடியே நின்றார்,
டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

உள்ளூர்ச் செய்தி.
தடைக்காலம் முடிந்து மண்டபத்தில் படகுகள் கிளம்புகின்றன.
அடேயப்பா, என்ன துல்லியம்.
டீசல் கேனில் வழிந்த பிசுக்கு,
மைக் பிடித்த பையன் மூக்கில் வேர்வை,
அவன் தோளுக்குப் பின்னால்
நீலக் கட்டம் போட்ட சட்டை.
மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை.
நான் தைத்த பொத்தான்.

ரெக்சன். என் தம்பி.
கொல்லத்தில் இருக்கிறான்,
வள்ளத்து இன்ஜினுக்கு வைத்திருந்த
முப்பத்தெட்டாயிரத்தோடு கொல்லத்தில் இருக்கிறான்
என்றுதான் பதினாலு மாதமாக இந்த வீட்டில் பேச்சு.
மண்டபம், பாலம் தாண்டினால் அரை மணி நேரம்.

மெலிந்திருந்தான்.
கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன்
சட்டென்று கேமராவைப் பார்த்தான்,
ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுபோல.

"தெரியுதா?"
இன்னாசி திரும்பாமல் கேட்டார்.
வின்ச்சில் அடிபட்ட இடது தோள்,
வலிக்கத் தொடங்கியிருக்கும்.

"இல்ல. கட்டம் கட்டமாத்தான் வருது."

"இப்போ?"
கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.
இன்னும் தெளிந்தது.
தம்பியின் காதோரம் ரெண்டு நரை.

"இப்பவும் இல்ல."

கையை விட்டுத் திரும்பினார்.
அதற்குள் நான் சொன்னது நிஜமாகிவிட்டது.
நீலக் கட்டம், சாம்பல் கட்டம்,
ஒரு கட்டத்தில் மட்டும் யாருடையதோ ஒரு கண்,
பிறகு சிக்னல் இல்லை என்ற எழுத்து.

"நாளைக்கே திருப்பிக் குடுத்துரு.
ஏமாத்துக்காரப் பய."
கடைக்காரனைத்தான் சொன்னார்.

ஆன்டெனாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.
பில்லை மட்டும்
வேறு ஓர் இடத்தில் வைத்தேன்.
எட்டாம் நாள்தான் அது கிடைக்கும்.