மேற்குச் சுவர்

எங்கள் ஊருக்கு மழை மேற்கிலிருந்துதான் வரும்,
கடலைத் தாண்டி, கதவைத் தட்டாமல்.
போன அக்டோபரில் அந்தப் பக்கப் பலகையில்
விரலை வைத்தேன், உள்ளே போனது,
காப்பியில் ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல.

ஓட்வார் தானே கழற்றினான், தானே அறைந்தான்.
நாற்பத்திரண்டு புதுப் பலகைகள், ஸ்ப்ரூஸ்,
பிசின் மணம் இன்னும் போகவில்லை.
ஃப்ளோரோவில் ஜூனில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் காய்ந்தால்
அது தூரிகையை எடுக்கச் சொல்லும் உத்தரவு.

சாயமா, பெயின்டா?

கடையில் ஹால்டிஸ் கேள்விதான் கேட்டாள்:
மரம் இதற்குமுன் எதையாவது உடுத்தியிருக்கிறதா?
இல்லை என்றேன்.
அப்படியானால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது, ஒரே ஒரு முறை.
சாயத்தின் மேல் என்றைக்காவது பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.
பெயின்டிலிருந்து திரும்பி வர
ஒரு சுரண்டுகத்தியும் முழுக் கோடையும் வேண்டும்.

ஓட்வார் பெயின்ட் என்றான்.
மற்ற மூன்று சுவரும் வெள்ளைதானே.
பெயின்ட் பத்து வருடம் நிற்கும், சாயம் நாலைந்து.
உப்புக்காற்று வேறு. கடற்காக்கை எச்சம் வேறு.
காரணத்துக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தான்.
கட்டைவிரல் மட்டும் மடங்காமல் நின்றது.

அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியும்.
வடக்கு மூலையிலிருந்து பதினேழாவது பலகை.
இரண்டு விரற்கடை குட்டையாக அறுத்துவிட்டான்.
இன்னொன்று வாங்க மனமில்லாமல்
ஒரு துண்டை ஒட்டி, சந்தில் மக்கு அடைத்து,
உப்புத்தாள் தேய்த்து, ஏணியிலிருந்து இறங்கி
வெகுநேரம் கை கழுவினான்.
நான் ஜன்னலுக்குள்ளே மீன் செதில் சீவிக்கொண்டிருந்தேன்.

பெயின்ட் அதன்மேல் போர்வையாகப் படுத்துவிடும்.
சாயம் மரத்துக்குள் இறங்கும், மக்குக்குள் இறங்காது.
அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும்,
படகில் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி.

பெயின்டும் அப்படி ஒன்றும் யோக்கியமில்லை.
என் அக்கா வீட்டில் கணுக்களையும் சேர்த்து வெள்ளை அடித்தார்கள்.
இரண்டாம் கோடையில் ஒவ்வொன்றாக
மஞ்சள் கண் திறந்தது.
விருந்தாளிகள் எல்லோரும் கடலைப் பார்த்தபடியே கேக் சாப்பிடுவார்கள்.

பூசி மெழுகாதே, ஓட்வார்,
வாய் வரை வந்தது.
இருபத்தாறு வருடத்தில் நானும் எங்கெங்கே மக்கு வைத்திருக்கிறேன்.
பெர்கனில் தங்கிய மூன்று நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது.
இன்றுவரை அவன் கேட்டதில்லை.

ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்துப் போய்
சுவரில் வீசினேன்.
ஒரு சொட்டு உருளவில்லை. நின்ற இடத்திலேயே
மரம் அதைக் குடித்துக் கறுத்தது.
பார், எவ்வளவு தாகம் என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை.
அடுத்த நாள் தார்ப்பழுப்பில் இரண்டு டப்பா சாயம் வாங்கி வந்தான்,
ரசீதை என் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

இரண்டாம் நாள் இரவு பதினொன்றரை.
வெளிச்சம் கிளம்ப மனமில்லாமல் தோட்டத்தில் நின்றிருந்தது.
படுக்கையில் அவன் பக்கம் காலி.
திரையை விலக்கினால், ஏணி மேல் அவன்,
மகள் விட்டுப்போன வாட்டர்கலர் தூரிகையோடு,
வாயைக் கொஞ்சம் திறந்தபடி
மக்கின் மேல் மர ரேகைகள் வரைந்துகொண்டிருக்கிறான்.
பக்கத்துப் பலகையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக.
கடைசியில், யாரும் கேட்காமலே,
ஒரு கணுவும் வைத்தான்.

திரையை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காலையில் காப்பியோடு போய் நின்று
சுவர் முழுவதையும் பார்த்தேன்,
பதினேழில் மட்டும் கண் தங்காமல் பார்த்துக்கொண்டேன்.
நன்றாக இறங்கியிருக்கிறது என்றேன்.
ம், என்றான்.
நாளைக்கு மழை என்கிறார்கள்.