நீலச் சாக்கட்டி

நெஞ்சு எப்படி இருக்கிறது என்று
எல்லோரும் கேட்கிறார்கள்.
சாட்ஸ்வொர்த்தில், எங்கள் மேட்டுத் தெருவில்
ரொட்டி வாங்கப் போனாலும் கேட்கிறார்கள்.
நல்லாயிருக்கு என்கிறேன்.
நெஞ்சு நல்லாத்தான் இருக்கிறது.
முலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இடது முலைக்குப் பின்னால் ஓடிய
ஒரு ரத்தக்குழாயை இறக்கி
இதயத்தில் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.
டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார்:
இங்கே இருந்தது, இங்கே போனது.
இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கும்
என்று கேட்க வாயெடுத்தேன்.
பக்கத்தில் என் மகன் நின்றுகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் காலை ஐந்துக்கே
நர்ஸ் நொம்தாண்டாசோ வருவாள்.
வலி, பத்துக்கு எத்தனை?
எலும்புக்கு ஆறு.
காலில் நரம்பு உருவிய இடத்துக்கு நாலு.
இல்லாமல் போனதற்கு எத்தனை போடுவது?

ஜேக்கப்ஸ் பாக்டரியில் நான்
இருபத்திரண்டு வருஷம் பிரா தைத்தவள்.
எந்தப் பெண் எந்த அளவு போடுகிறாள்,
எந்த அளவு போட வேண்டியவள்,
பஸ்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுவேன்.
இன்று கண்ணாடி முன்னால்
அளவு தெரியாமல் நிற்கிறேன்.
கம்பி வைத்ததைப் போட்டால்
பிளந்து கட்டிய எலும்பில் கம்பி உட்காருகிறது.
போடாமல் விட்டால்
இரண்டு பக்கத்துப் பாரமும் தொங்கி
நடுத் தையலைப் பிடித்து இழுக்கிறது.

மூன்றாம் வாரம் டீ கொட்டியது.
கொதிக்கிற டீ.
நைட்டியில் பழுப்பாய்ப் பரவியதைப் பார்த்துத்தான் தெரிந்தது.
தோல் சிவந்திருந்தது,
வேறு யாருடையதோ போல.
ராத்திரியானால் அதே இடத்தில் எறும்பு ஊரும்.
எறும்பென்று தட்டினால்
தட்டியது தெரியாது.

என் கொழுந்தன் கோவன்
தைப்பூசத்துக்குத் தைப்பூசம்
கன்னத்தில் வேல் குத்திக் காவடி எடுப்பவன்.
வலிக்கவே இல்லை அண்ணி என்பான்.
கேட்டு எங்களுக்குத்தான் சிலிர்க்கும்.
எனக்கும்தான் வலிக்கவில்லையடா,
கூட மேளம் வரவில்லை, அவ்வளவுதான்
என்று சொல்லத் தோன்றியது.
சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

செக்கப் பெஞ்சில் பக்கத்தில் மூகாம்பரி.
மியர்பேங்க்காரி. எனக்கு ஒரு மாசம் முந்திய வெட்டு.
கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு
சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:
"உனக்கும் மரத்துப்போச்சா?"
எங்கே என்று அவள் சொல்லவில்லை.
எங்கே என்று நானும் கேட்கவில்லை.
எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.
நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்,
சிரித்தால் எலும்பு வலிக்குமென்று
ஆளுக்கொரு தலையணையை அழுத்திக்கொண்டு.

அன்று சாயங்காலம் மிஷின் உறையைக் கழற்றினேன்.
பழைய பிராவிலிருந்து கம்பியை உருவிப் போட்டேன்.
முதுகுக் கொக்கியைப் பிரித்து
முன்னால் வைத்தேன், சற்றே வலப்பக்கம் தள்ளி.
அடியில் ஃபிளானல் துண்டு.
மூகாம்பரிக்கும் ஒன்று.
முப்பத்தாறு சி. கேட்கவில்லை, தெரியும்.

மேஜை இழுப்பறையில்
துணி குறிக்கும் நீலச் சாக்கட்டி கிடந்தது.
குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு
ஊசியின் காதால் தொட்டுத் தொட்டுப் பார்த்து
தெரிகிற இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவில்
கோடு போட்டேன்.
ஞாயிறு தோறும் போடுகிறேன்.
குளித்தால் போய்விடும், போகட்டும்,
எங்கே என்று எனக்கு ஞாபகமிருக்கும்.

நாலாவது ஞாயிறு தாழ்ப்பாள் போடவில்லை.
பொன்னன் உள்ளே வந்து
கோட்டை நின்று பார்த்தார்.
முப்பத்தொரு வருஷத்தில்
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
ஒரு விரலால் தொட்டார்.
இங்கே?
இல்லை.
இங்கே?
இல்லை.
இங்கே?
பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று
பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு
நம் வீடுதானோ என்று
பிறகு எழுந்து போவோமே,
அப்படி இருந்தது.

ஊசியை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
கோடு அரை விரல் உள்ளே போயிருக்கிறது.
கை நடுங்கியும் இருக்கலாம்.