குதிகால்

கடைக்காரன் சொன்ன பெயர் துடைப்பச் செருப்பு.
ஆறாயிரம் வொன். ஒரு ஜோடிக்கு இன்னொன்று இலவசம்.
அடியில் விரல்விரலாகப் பச்சை நூல்.
பெட்டியைத் திறந்தால்
கம்பளிப்பூச்சிகள் இரண்டு தூங்குவதுபோலிருந்தது,
மிதிக்கவே ஒரு கணம் கூசினேன்.

தோ-கியோம் பட்டாளத்துக்குப் போன மறுவாரம் அது.

குனிந்து துடைக்க இடுப்பு ஒத்துழைப்பதில்லை.
இப்போது நின்றபடி போகிறேன்,
காலைத் தூக்காமல், இழுத்து இழுத்து,
குளிர்பெட்டியிலிருந்து சன்னல்வரை
சன்னலிலிருந்து அவன் அறை வாசல்வரை.
ஒரு கையில் காப்பி. மறு கையில் அக்காவின் குரல்.
"என்னடி செய்கிறாய்?"
"நடக்கிறேன்."
பொய்யில்லையே.

தரைக்கடியில் வெந்நீர் ஓடும் வீடு.
இஞ்சியோன், பன்னிரண்டாம் மாடி.
சூட்டில் காய்ந்த தூசிக்குக் கனமே கிடையாது,
நான் கிட்டே போனால் அது எட்டிப் போகும்.
வசந்தம் வந்தால் கடல் தாண்டி மஞ்சள் புழுதி வேறு,
எந்தப் பாலைவனத்தின் மண்ணோ
என் சோபாவுக்கடியில் குடித்தனம் நடத்தும்.

மாலையில் செருப்பைப் புரட்டிப் பார்ப்பேன்.
வலைஞன் வலையைப் பார்ப்பதுபோல.
எள் நான்கு. பருக்கை ஒன்று, கல்லாகி.
தொலைந்த திருகாணி.
பிறகு அந்த முடிகள்.
கிளம்புவதற்கு முந்தைய இரவு
கூடத்தில் செய்தித்தாள் விரித்து
தன் தலையைத் தானே மழித்துக்கொண்டான்.
இரண்டு தடவை பெருக்கியாயிற்று.
இன்னும் வந்துகொண்டிருக்கின்றன
அரை விரற்கடை நீளத்தில்,
எங்கிருந்து என்று தெரியவில்லை.
துவைக்கும் முன் நன்றாக உதறவும்
என்கிறது பெட்டியிலிருந்த காகிதம்.
படித்தேன். சரி.

கீழ்வீட்டு பியொன் டாக்சி ஓட்டுகிறவர்,
பகலில் தூங்குகிறவர்.
ஆறு வருடமாக எங்களுக்குள் இருந்ததெல்லாம்
கதவில் ஒட்டிய சீட்டுகள்தான்.
"1203-க்கு: தயவுசெய்து குதிகால்களைக் கவனிக்கவும்."
"1203-க்கு: உங்கள் வீட்டில் யானை இருக்கிறதா?"
கடைசியில் வந்ததில் எழுத்தே இல்லை.
ஒரு காது மட்டும் வரைந்திருந்தது.
தோ-கியோம் அதைக் கண்ணாடியில் செருகிவைத்து
தொம்தொம்மென்று சமையலறைக்குப் போவான்.
எவ்வளவு சொன்னாலும் அவன் நடை அப்படித்தான்,
மூன்று வயதிலிருந்தே குதிகாலால் பூமியை அதட்டுகிற பிள்ளை.

வியாழக்கிழமை அழைப்புமணி.
கதவைத் திறந்தால் பியொன். சீட்டு இல்லை கையில்.
தலை கலைந்திருந்தது, பாதித் தூக்கத்து முகம்.
"பதினொரு நாளாகச் சத்தமே இல்லை," என்றார்.
"ஏதாவது... நலம்தானே?"
என் கால்களைப் பார்த்தார்.
பச்சைப் பூச்சிகளைப் பார்த்தார்.
பையன் போய்விட்டான் என்றேன்.
எந்தப் படைப்பிரிவு என்று கேட்டார்.
சொன்னேன். அங்கே குளிர் அதிகம் என்றார்,
உடனே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று
வாயை மூடிக்கொண்டார்.
உள்ளே வரச் சொல்லத் தோன்றவில்லை,
இலவச ஜோடியை எடுத்து நீட்டினேன்.
சந்தையில் மீன் வாங்கியவர்போல
இரண்டையும் ஒரே கையில் தொங்கவிட்டுக்கொண்டு
படி இறங்கிப் போனார்.

அன்றிரவு ஒன்பது முப்பத்தைந்து,
அவர் வண்டியெடுக்கக் கிளம்பும் நேரம்.
செருப்பைக் கழற்றினேன்.
தரை வெதுவெதுப்பாக இருந்தது.
அவன் அறையிலிருந்து சமையலறைக்கு
ஒன்பது எட்டு.
என் எடைக்கு அந்தச் சத்தம் வராது,
ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு
குதிகாலை ஓங்கி ஓங்கி வைத்தேன்.
தொம்.
தொம்.
கண்ணாடி அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுத்தன.
ஐந்தாவது எட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது.
அங்கேயே நின்றேன், சுவரைப் பிடித்தபடி.

கீழிருந்து துடைப்பக் கட்டையால்
கூரையில் இரண்டு தட்டு.

ஆறு வருடமாக எனக்குத் தெரிந்த தட்டல்தான்.
இன்று மெதுவாக.

துடைத்த தரையில் ஐந்து குதிகால் தடங்கள்,
விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தால் தெரிகின்றன.
காலையில் பார்த்துக்கொள்ளலாம்.