இரண்டு மதிப்பெண் கேள்வி

நோயாளியோடு ஒப்பிட
நோயில்லாத ஒருவர் ரத்தம் வேண்டும்.
சனிக்கிழமை. பழைய வண்ணாரப்பேட்டை லேபில் பாதிப் பேர் லீவு.
சுடிதார் கையை நானே சுருட்டிக்கொண்டேன்.

சைட்டோமீட்டரின் மெல்லிய குழாயில்
என் செல்கள் ஒற்றை வரிசையில் வந்தன,
எண்ணூர் சாலையின் கன்டெய்னர் லாரிகள் மாதிரி;
ஆனால் ஹாரன் இல்லை, நொடிக்கு மூவாயிரம்.
லேசரைத் தாண்டிய ஒவ்வொன்றும்
திரையில் ஒரு புள்ளி.

இயற்கைக் கொல்லி செல்களை மட்டும் பிரித்தேன்.
வலது மேல் மூலையில்,
ஆள் நடமாட்டம் இருக்காத இடத்தில்
அடர்த்தியாக ஒரு கூட்டம்.

பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் கேட்டார்கள்:
இவற்றுக்கு நினைவு உண்டா?
'பிறவியிலேயே ஆயுதம் உண்டு, நினைவு இல்லை.'
சிவப்பு மையில் டிக். இரண்டு மதிப்பெண்.
அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

இன்னாசி துறைமுகத்து கேட்டில் நிற்கிறவன்.
"பாஸ் இல்லன்னா நிறுத்துவேன்,
அதுக்கு ஞாபகம் இன்னாத்துக்கு?" என்பான்.
இவற்றின் வேலையும் அதுதான்.
செல்லுக்குள் புகுந்த வைரஸ்
வாசலில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி எறியும்,
படித்துப் பிடிக்கும் காவல் ஒன்று இருப்பதால்.
அட்டை இல்லாத செல்லைக் கொல்லிகள் விடாது.
ஆகவே அது போலி பாஸ் அடித்தது;
அச்சு அசல்,
எங்கோ ஓர் எழுத்து மட்டும் பிசகு.

இன்னாசியும் ஒருமுறை ஏமாந்திருக்கிறான்.
லாரி போனது, அரை மாதச் சம்பளமும் போனது.
இப்போது அந்த மாதிரி ஊதா முத்திரை
ஜன்னலுக்கு வெளியே நீளும் முன்பே
அவன் கை எழுந்துவிடுகிறது.
எப்படித் தெரிந்தது என்றால்
"தெர்ல. கை போவுது."

இவையும் எதையும் எழுதி வைக்கவில்லை.
மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை.
இறுக்கிச் சுருட்டிய சில பக்கங்கள்
அன்று அவிழ்ந்தவை, அப்படியே திறந்து கிடக்கின்றன.
லட்சக்கணக்கில் பெருகி,
காய்ச்சல் இறங்கியதும் செத்து,
மிஞ்சியவை இந்த மூலையில்.

எந்தக் காய்ச்சல்?
எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.
கொருக்குப்பேட்டையில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய்;
எந்தப் பிள்ளைக்கு எந்த வாரம் உடம்பு சுட்டது என்று
யார் கணக்கு வைத்தார்கள்?

மாடியில் ஷாகிரா அக்காவின் கைக்குழந்தை.
எட்டு வயது இடுப்பில் அவனைச் சுமந்துபோய்
ரயில்வே கேட்டில் கூட்ஸ் பெட்டி எண்ணுவேன்.
பல் முளைக்கும் எரிச்சலில்
என் தாடையைச் சப்புவான்.
கழுத்துவரை எச்சில்.
அவனாக இருக்கலாம். நிரூபிக்க வழியில்லை.
வீடுகளை இடித்த வருடம் பெரும்பாக்கம் போய்விட்டார்கள்.
பெயர் மறந்துவிட்டது.
ரத்தத்துக்கு அவன் எச்சில் மறக்கவில்லை.

வைரஸும் வெளியேறவில்லை.
எலும்பு மஜ்ஜையில் எங்கோ தூங்குகிறது;
அது புரண்டு படுக்கும்போதெல்லாம்
இவை ஒரு கண் திறந்து பார்க்கின்றன,
இருபத்தெட்டு வருடமாக,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஒப்பீட்டு மாதிரி: இயல்பு.
தட்டச்சு செய்துவிட்டு
அடுத்த குழாயை வைத்தேன்.

பத்தொன்பது வயது. சிறுநீரகம் மாற்றி எழுபது நாள்.
உறுப்போடு சேர்ந்து வந்த அதே வைரஸ்.
உறுப்பைக் காக்கும் மாத்திரை
மற்ற காவலையெல்லாம் உறங்க வைத்திருக்கிறது.
போன வாரம் அவன் மேல் மூலை வெறிச்சோடிக் கிடந்தது.

இன்று மூன்று புள்ளி.

தூசியாக இருக்கும்.
குழாயைக் கழுவி, மறுபடி ஓட்டினேன்.
நான்கு.