எழுபத்தொன்றாம் நாள்

செல்லம்பட்டியில் ஒரு கிணற்றுமேட்டில்
மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
போனில் கூப்பிட்டால் மோட்டார் ஓடவைக்கும் பெட்டி;
உள்ளே ஒரு சிம், இரண்டு பல்லி முட்டை.
எவன் கூப்பிட்டாலும் ஓடுகிறது.
நாலு பூஜ்யம்தான் கடவுச்சொல்.

கம்பெனிக்கு எழுதி எழுபத்தொரு நாள்.
'கிடைத்தது' என்று ஒரு வரி,
பிறகு வக்கீல் நோட்டீஸ்.
தொண்ணூறில் வெளியிடுவது எங்கள் வழக்கம்.
வெளியிட்டால் திருடனுக்குத் தெரிந்துவிடும்.
இப்போது தெரியாது என்று
யார் சொன்னது?
திருத்தம் வந்தாலும் காற்றில் வராது,
கிணறு கிணறாகக் கேபிளோடு
ஆள் போக வேண்டும்.

போன வெள்ளி ராத்திரி,
ஐம்பத்தெட்டுக் கால்வாயில் தண்ணீர் இல்லாத நாள்,
வறண்ட கிணற்றில் மோட்டார் தானாக ஓடி
காயில் எரிந்துபோனது.
பெட்டி எதையும் குறித்துவைப்பதில்லை.
என் சோதனைதானோ என்று
என் நோட்டைப் புரட்டினேன்.
வெள்ளிக்கிழமைப் பக்கத்தில்
ஒரு வரி அடித்திருந்தது.

ஒச்சம்மாளிடம் எண்ணை மாற்றச் சொன்னேன்.
மாற்றினார்.
வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற மருமகனுக்குக்
கத்திச் சொன்னார், இரண்டு தடவை.
அவன் வாய் திறக்குமுன்
கரும்புக்குள்ளிருந்து யாரோ
'கேட்டுச்சு' என்றார்.