பத்தொன்பதாம் நாள்

எம்மே ஆறு
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் உயரத்தைச் சொல்கிறது.
பூர்க்டோர்ஃப் பாலத்தடியில் ஒரு பெட்டி
அதைக் கேட்டு பேர்னுக்கு அனுப்புகிறது.
பதினெட்டு நாள் அனுப்பும்.
பத்தொன்பதாம் நாள் வாய் மூடும்.

பேயாட் ஏணி போட்டு ஏறுவான், அணைத்து எழுப்புவான்.
எல்லாம் மறந்து புதுப்பிள்ளையாய் எழும்பும் பெட்டி.
"பார், ஒரு பழுதும் இல்லை."
இறங்கிக் கையைத் துடைப்பான்.
ஆனி மழைக்கு இந்த வைத்தியம் காணாது.
மேலே இடி விழுந்தால் அரை மணியில்
மரங்களை உருட்டிக்கொண்டு வருகிற ஆறு.

நிரலைத் திறந்தேன். சீ மொழி. நாலாயிரத்துச் சொச்ச வரி.
எழுதியவர் பெயர் இல்லை, ஒரு கோடையின் தேதி மட்டும்.
ஒவ்வோர் அளவுக்கும் மாலொக்
நாற்பத்தெட்டு பைட் கேட்கிறது.
கிடைப்பது இடமல்ல, இடத்தின் இலக்கம்.
சுட்டி அதைப் பிடித்திருக்கிறது.
அடுத்த அளவு வந்ததும்
அதே சுட்டியில் வேறு இலக்கம்.
பழைய இடம் எங்கும் போகவில்லை.
நிறைந்தபடி இருக்கிறது, ஆறு அன்று இருந்த உயரத்தோடு.
அதைக் காட்ட ஒரு விரல் இல்லை, அவ்வளவுதான்.

நாளுக்கு நூற்று நாற்பத்து நாலு தரம்.
பெட்டியின் கையிருப்பு நூற்று இருபத்தெட்டு கிலோபைட்.
வழக்கறிஞர் அனுப்பிய உறையின் பின்புறத்தில் வகுத்தேன்:
பத்தொன்பதுக்கு ஒரு மயிரிழை குறைவு.
அந்த வருடத்தில் சுத்தமாய் வகுபட்டது
அது ஒன்றுதான்.

ஃப்ரீ என்று ஒரு வரி போட்டேன்,
அவசரத்தில், அனுப்புகிற வரிக்கு மேலே.
மேசையடியில் வாளித் தண்ணீருக்குள் உணரியைத் தொங்கவிட்டேன்.
இருபத்திரண்டு சென்ரிமீற்றர். இருபத்திரண்டு. இருபத்திரண்டு.
விட்ட இடத்தையே வாசித்துக்கொண்டிருந்தது;
பழைய எண் அழியாமல் கிடந்ததால்
பிழை சரியாய் வேலை செய்தது.
மூன்றரை மணிக்கு அந்த இடம் வேறு எதற்கோ போயிற்று.
வாளியில் தண்ணீர் நாற்பத்தொரு மீற்றர்.
பேயாட் எட்டிப் பார்த்தான்.
"நீந்தத் தெரியுமா, தர்மினி?"

ஒரு வரி கீழே இறக்கினேன். சரியாயிற்று.

அன்றிரவு ரயிலை விட்டு இறங்கி,
தூக்கம் கண்ணைக் கட்ட,
தொலைபேசியில் "வீடு" என்பதைத் தொட்டேன்.
நீலக்கோடு போன வழியே போனேன்.
லிசாக் வீதி, மூன்றாம் மாடி.
பங்குனியில் ஒப்படைத்த வீடு.
ஆணித் துளைகளைப் பற்பசையால் அடைத்து,
அடுப்பு விளிம்பைப் பழைய பற்தூரிகையால் தேய்த்து,
நிருஷனும் நானும் ஒரே பேனாவால் கையெழுத்திட்டு
இரண்டு திறப்பையும் கொடுத்துவிட்டு வந்த வீடு.
மணியை அழுத்திய பிறகுதான் பெயரைப் பார்த்தேன்.

கதவைத் திறந்தவர் கையில் பாதி உரித்த வெங்காயம்.
அவருக்குப் பின்னால் சுவரில்,
எங்கள் கடிகாரம் தொங்கிய இடத்தில்,
ஒரு சைக்கிள்.
இலக்கம் சரி. மாடி சரி. மிதிப்பலகையின் கீறல்கூட அதே கீறல்.
"யாரைத் தேடுகிறீர்கள்?"
வாயில் வந்த பெயர் என்னுடையது.

அ, இ, உ. சுட்டெழுத்து மூன்று.
அது அங்கே. இது இங்கே.
உது, கேட்கிறவர் பக்கம் இருப்பது;
எங்கள் வாயில் மட்டும் மிச்சமிருக்கிற எழுத்து.
உது என்ர வீடு, என்று சொல்ல
ஜெர்மனில் சொல் தேடினேன்.
மன்னிக்கவும் என்றுதான் வந்தது.

படியில் உட்கார்ந்து "வீடு" என்ற பதிவைத் திறந்தேன்.
விடு என்ற வினை நீண்டு வீடு ஆனதாம்.
பரீட்சைக்குப் படித்தது, இப்போது விளங்குகிறது.
அழித்தேன்.
புது விலாசம் இடவா என்று கேட்டது.
வெறுமையாய் விட்டேன்.
எங்கும் காட்டாத சுட்டியைத் தொட்டால் உடனே விழும்,
விழட்டும்;
பிறர் வீட்டு மணியை அது அழுத்தாது.

இன்று இருபதாம் நாள். விடியவிடிய மழை.
ஒரு மீற்றர் அறுபது, என்கிறது பெட்டி.
பேயாட் இன்னும் வண்டியிலிருந்து
ஏணியை இறக்கவில்லை.