ஒத்துப்போகிறது

ஒன்பது ஆண்டுகள்
அவரைத் துண்டுகளாகத்தான் எனக்குத் தெரியும்.
இடது தொடையில் நான்கு மில்லிமீட்டர் வட்டம்.
பிறகு இடுப்பின் பின்பக்கம்.
மறுபடி தொடை.
மெழுகில் புதைத்து, மயிரிழையினும் மெல்லிதாய்ச் சீவி,
நீலமும் இளஞ்சிவப்பும் ஏற்றிக்
கண்ணாடியில் ஒட்டி அனுப்புவார்கள்.
இரண்டு நிமிடம் பார்ப்பேன்.
எக்ஸிமாவோடு ஒத்துப்போகிறது, என்று எழுதுவேன்.
எங்கள் துறையில் இதைவிடச் சௌகரியமான
வினைச்சொல் கிடையாது.

இல்போ ராட்டிகைனென், லிஃப்ட் மெக்கானிக், தம்பெரே நகரம்.
கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டார்.
அரிப்பு அடங்கியது, திட்டு மங்கியது,
மங்கிய இடத்தில்தான் அடுத்த துண்டையும் வெட்டினார்கள்.
களிம்பு எனக்கு முன்பே வந்து
தடயத்தைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது.

எங்களுக்கு முந்திக் கண்டவர்கள் சௌனாவில் இருந்தார்கள்.
வெள்ளிக்கிழமை மாலை இங்கே
பாதி ஊர் அம்மணமாக உட்கார்ந்து வியர்க்கும்.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.
"ஜட்டி மறைக்கிற இடத்தில் மட்டும் வருதே" என்றாராம்
மேல்பலகையிலிருந்து ஆர்வி.
வெயில் தொடாத தோலாகப் பார்த்து வருகிறது:
அந்த ஒரு வரி
எந்தப் படிவத்திலும் எனக்கு வந்து சேரவில்லை.
இன்னொருவர் கேட்டார், "தொத்துமா?"
தொத்தாது.
அடுத்த வெள்ளியிலிருந்து இல்போ போகவில்லை.

ஐந்தாவது துண்டு நவம்பரில் வந்தது.
புதிதாக வந்த தோல் மருத்துவர் சினிக்கா
மூன்று வாரம் களிம்பை நிறுத்திவிட்டு வெட்டியிருந்தார்.
படிவத்தின் ஓரத்தில் பென்சிலால்:
தயவுசெய்து மெதுவாகப் பாருங்கள்.

மெதுவாகப் பார்த்தேன்.
மேல்தோலின் அடிவரிசையில் டி செல்கள்,
ஆளுக்கொரு வெள்ளை வளையத்தோடு,
பனியில் பஸ்ஸுக்கு நிற்கும் எங்கள் ஊர்க்காரர்களைப்போல
இடைவெளி விட்டு, பேசாமல், வரிசையாக.
உட்கருக்கள் வால்நட் பருப்பாய் மடிந்திருந்தன.
மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன்.
தொடையில் இருந்ததும் இடுப்பில் இருந்ததும்
ஒரே செல்லின் பிள்ளைகள்.
தோலிருக்கச் சுளை விழுங்குவார்கள் என்பார்கள்.
இது சுளையைத் தொடவே இல்லை.
தோலில் குடியேறித்
தோலின் மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தது.
லிம்போமா, என்று எழுதினேன்.
"ஒத்துப்போகிறது" போடவில்லை.

அப்புறம் பழைய ஸ்லைடுகளை எடுத்தேன்.
மூன்றாவதில் இருந்தது,
ஓரமாக, நான்கே நான்கு செல்கள்.
இரண்டாவதிலும் இருந்ததாகத் தோன்றுகிறது.
தெரிந்தபின் எங்கும் தெரியும்;
சத்தியம் செய்யமாட்டேன்.

டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
வாரம் மூன்று நாள், கறுப்புக் கண்ணாடி மாட்டி,
ஒளிக்கூண்டுக்குள் நின்றார் இல்போ.
ஊரில் வேறெவருக்கும் இல்லாத வெளிச்சம்.
அது போதவில்லை.
திட்டுகள் தடித்தன.
ஹெல்சிங்கியில் எலக்ட்ரான் கதிர்:
கையைத் தூக்கி, திரும்பி, ஒரு கால் முன்வைத்து,
ஆறு நிலைகள்.
சிலையாக நிற்கச் சொல்வார்கள்.
தோலின் ஆழத்தோடு நின்றுவிடும் கதிர்;
அதற்குக் கீழே இருப்பவரை அதற்குத் தெரியாது.
எனக்கும்தான்.

ஆகவே கூட்டுக் கிளினிக்குக்கு நானும் போனேன்.
முடியில்லை, புருவமில்லை,
இரண்டு விரல்களில் நகமில்லை.
மூன்றாவது ஸ்லைடைப் பற்றிச் சொன்னேன்.
"எத்தனை செல்?"
"நான்கு."
ஜன்னலைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
"லிஃப்ட் வடத்தில் நான்கு இழை அறுந்திருந்தா
நானும் வரம்புக்குள்னுதான் எழுதுவேன்."
மன்னித்தாரா,
இனி லிஃப்டில் ஏறாதே என்றாரா,
இன்றுவரை தெரியாது.

வியர்வைச் சுரப்பிகள் திரும்ப மாதங்கள் ஆகும்.
அதுவரை சௌனாவின் வெளியறையில்
கோட்டோடு உட்கார்ந்திருக்கிறாராம்.
ஆர்வி கதவைத் திறந்து திறந்து
உள்ளே நடக்கும் பேச்சைச் சொல்லிவிட்டுப் போகிறாராம்.

முழுதாகப் போகிற நோயல்ல. தணியும், வரும்.
ஆறாவது துண்டு ஜூனில் வந்தது.
படிவத்தின் ஓரத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.